பேர் சொல்ல ஒரு சிலந்தி

"சம்மதமோ எண்டு கேட்டிருக்கிறார் அண்ணை," என்றாள் புஸ்பராணி.

குணரத்தினம் கண்ணாடிக்கு முன்னால் முகம் வழித்துக்கொண்டு நின்றார். பாதிக் கன்னத்தில் சவர்க்கார நுரை. கத்தி அப்படியே நின்றுவிட்டது. நாற்பதைத் தாண்டிய தங்கைச்சி வந்து இப்படிச் சொன்னால் எந்த அண்ணனுக்கும் வேறென்ன தோன்றும்?

"ஆரடி? எந்த ஊர் ஆள்?"

"ஐரோப்பா."

"என்ன சொல்லுறாய் நீ!"

"நூதனசாலையில சிலந்தி ஆராயிற துரை அண்ணை. லிண்ட் எண்டு பேர். என்ர சிலந்திக்கு என்ர பேரை வைக்கப் போறாராம். சம்மதமோ எண்டு கேக்கிறார்."

குசினிக்குள்ளிருந்து அண்ணி சிரித்தது கேட்டது. குணரத்தினம் மிச்சக் கன்னத்தையும் வழித்து முடித்தார். துறைமுகக் கந்தோரில் பெரிய லிகிதர் அவர். அவசரப்பட்டு ஒன்றும் பேசமாட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதிரையில் வந்து இருந்தார்.

"இப்ப ஆறுதலாச் சொல்லு. சிலந்திக்குப் பேர் சிலந்திதானே?"

"சிலந்தியில எத்தனையோ இனம் இருக்கு. நான் அனுப்பினது இதுவரைக்கும் ஒருத்தரும் பேர் வைக்காத இனமாம். கண்டுபிடிச்ச ஆளின்ர பேரை வைக்கிறது வழக்கம். பொம்பிளையின்ர பேரெண்டால் லத்தீனில கடைசியில ஒரு 'ஏ' சேர்ப்பினம். லைக்கோசா புஸ்பராணியே."

"புஸ்பராணியே..." குணரத்தினம் சொல்லிப் பார்த்தார். இன்னொருமுறையும் சொல்லிப் பார்த்தார். "என்னடி இது, ஆரோ உன்னைக் கூப்பிடுற மாதிரியெல்லோ கிடக்கு."

கடிதத்தைப் படித்த நேரம் தொடக்கம் புஸ்பராணிக்கும் அப்படித்தான் கிடந்தது. திருகோணமலைப் பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பிப்பவள் அவள். பிள்ளைகளுக்கு ரீச்சர். அண்ணனுக்கு ராணி. அண்ணிக்கு மச்சாள். முழுப்பெயரைச் சொல்லி அவளை எவரும் கூப்பிடுவதில்லை. கோயிலில் அருச்சனைச் சீட்டுக்குச் சொன்னால்தான் உண்டு.

கலியாணப் பேச்சுகள் ஒவ்வொன்றாய்க் குழம்பிய காலத்தில் குணரத்தினம் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். கோபத்திலும் கேட்பார், கவலையிலும் கேட்பார்: "நாளைக்கு உன்ர பேர் சொல்ல ஆர் இருக்கினம், சொல்லு பாப்பம்?" அன்று காலையில் அதே அண்ணன் எழும்பிச் சட்டையை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"பேர் சொல்லப் பிள்ளை இல்லாட்டியும் ஒரு பூச்சி வந்திட்டுது. உடன சம்மதம் எண்டு எழுது. நான் கந்தோரில சொல்லப் போறன்."

"பூச்சி இல்லை அண்ணை. பூச்சிக்கு ஆறு கால். சிலந்திக்கு எட்டு."

"ரெண்டு கால் கூட எண்டால் இன்னும் நல்லது," என்று போய்விட்டார்.

அந்தச் சிலந்தியை அவள் முதலில் கண்டது சீனக்குடாவில். ரயில் ஸ்ரேசனுக்கு இப்பால், எண்ணெய்த் தாங்கிகளுக்கு அப்பால், கண்டல் வேர்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே சேலைக்கரை அகலத்துக்கு ஒரு சேற்றுத் துண்டு உண்டு. தண்ணீர் ஏறினால் மறையும். இறங்கினால் பாலாடை போல மினுங்கும். அந்த மினுக்கத்தின் மேல் சேற்று நிறத்திலேயே ஏதோ ஓடியது. ஓடி நின்றது. நடுவகிடு எடுத்தது போல முதுகிலே ஒரு வெளிர்ந்த கோடு. பின்னால் ஊறிய சவ்வரிசி போல ஒரு வெள்ளை உருண்டை. அது முட்டைப்பை. வயிற்றின் நுனியில் கட்டிக்கொண்டு, எங்கே போனாலும் இழுத்துக்கொண்டே போயிற்று. வலை கிடையாது, வீடு கிடையாது. ஓடிப் பிடித்துத் தின்னும் இனம். ஆகையால்தான் புத்தகங்கள் அதை ஓநாய்ச் சிலந்தி என்கின்றன.

நாலைந்து பெண் சிலந்திகளைப் பிடித்து ஸ்பிரிட் போத்தலில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அல்லாஹ்வே! என்ன வேல பாக்கிறீங்க?"

மைமூனா. சேற்றிலே மட்டி பொறுக்குகிறவள். ஸ்ரேசனடியில் வீடு. புஸ்பராணியின் வயதுதான் இருக்கும். முக்காட்டை இடுப்பில் செருகியிருந்தாள்.

"ஆராய்ச்சிக்கு அம்மா. பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறனான்."

"சிலந்தியக் கொல்லப்படாது ரீச்சர். எங்கட நபி கொகைக்குள்ள ஒளிச்சிருக்கக்குள்ள வாசல்ல வல கட்டிக் காப்பாத்தின சீவன். எங்கட ஆக்கள் ஊட்டுக்குள்ள சிலந்தி இருந்தாலும் தும்புத்தடியால தள்ளி உடுவமே தவிரக் கொல்ல மாட்டம்."

"இது வலை கட்டாத சிலந்தி அம்மா. வேற சாதி."

மைமூனா மட்டிக் கூடையைக் கீழே வைத்தாள். இடுப்பில் கை வைத்தாள். "சிலந்தியிலயும் சாதி பாக்கிறீங்களா ரீச்சர்?"

புஸ்பராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று தொடங்கியதுதான் சிநேகிதம். ஒரு கட்டுப்பாட்டோடு. பிடித்தது பிடித்ததாகப் போகட்டும், இனிமேல் இந்தச் சேற்றுக்குப் போத்தல் வரக்கூடாது, பார்ப்பதென்றால் எவ்வளவும் பார்க்கலாம். புஸ்பராணி ஓம் என்றாள். பிடித்தவற்றைப் பேராசிரியர் லிண்டுக்கு அனுப்பினாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வெறுங்கையோடு வந்தாள்.

"இதுக்கு என்ன பேரு ரீச்சர்?"

"ஓநாய்ச் சிலந்தி."

"ஓநாயா? இந்த நாட்டில எங்க இருக்கு ஓநாய்? நரிதானே இருக்கு."

"வெள்ளைக்காரன் தன்ர நாட்டில வைச்ச பேர்."

"அவன் காணாத சீவனுக்கு அவன்ட ஊர் மிருகத்தின்ட பேரு. நல்ல கூத்து."

இப்படியே கதைத்துக்கொண்டு இருவரும் இருப்பார்கள். வெயில் தாழும். குடா முழுவதும் ஈயம் உருக்கி ஊற்றியது போலக் கிடக்கும். எங்கோ ஒரு இயந்திரப் படகு போகும். அது போய் வெகு நேரத்துக்குப் பிறகு அதன் அலை வந்து கண்டல் வேர்களைத் தொடும். பொழுது படுகிற கருக்கலில் புஸ்பராணி ரோச் லைற்றை நெற்றிக்கு நேரே பிடித்துச் சேற்றைப் பார்த்தால், பச்சைப் பச்சையாய்க் கண்கள் மினுங்கும். நாலு, நாப்பது, கணக்கில்லை. வானத்தில் இன்னும் ஒரு வெள்ளியும் வராத நேரத்தில் நிலத்தில் வந்துவிடும். மைமூனா அந்த வெளிச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் "சுபுஹானல்லாஹ்" என்பாள்.

அந்தச் சிலந்தி வேறெங்கே இருக்கிறது என்றும் புஸ்பராணி தேடிப் பார்த்தாள். கிண்ணியாப் பக்கம் மணல், இல்லை. குறிஞ்சாக்கேணியில் களப்போரம் சேறு இருந்தது, சிலந்தி வேறாக இருந்தது. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டபோது ஈச்சிலம்பற்று வரைக்கும் போனாள். அங்கே நண்டுகள்தான் அவளைப் பார்த்துக் கையை ஆட்டின. அவளுக்குத் தெரிந்தவரையில் உலகம் முழுவதிலும் இந்தச் சேலைக்கரைச் சேற்றில்தான் அது இருந்தது.

இதையும் லிண்டுக்கு எழுதிய பிறகுதான் அவருடைய கடிதம் வந்தது.

சம்மதம் கேட்டிருந்த அந்தக் கடிதத்திலேயே இன்னொரு சங்கதியும் இருந்தது. உங்கள் சிலந்திக்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு, சீனாவில், என்று எழுதியிருந்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன், கிழக்குக் கடல்களில் சுற்றிய ஆங்கிலக் கப்பல் ஒன்றின் வைத்தியர் பிடித்த ஒரேயொரு ஆண். முன்னங்கால்களில் வெள்ளைக் குஞ்சம் உள்ளது. அதன் போத்தலில் ஒட்டிய சீட்டில் 'சைனா, பி.' என்று மட்டும் இருக்கிறது. 'பி' அந்த வைத்தியரின் பெயரெழுத்தாக இருக்கலாம். சீனத்தது என்று பொருள்பட அதற்கு லத்தீனில் அப்போதே பெயர் வைத்தாயிற்று. அதன் பெண்ணை எவரும் கண்டதில்லை. சீனக் கரைகளில் மூன்று பேர் தேடிப் போய் வெறுங்கையோடு வந்தார்கள். நீங்கள் அனுப்பியவையோ எல்லாம் பெண்கள். ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை. ஆனாலும் இவ்வளவு தூரத்து இரண்டு நாடுகளில் ஒரே இனம் இருக்காது. ஆகவே உங்களுடையது புதிது.

புஸ்பராணி இதை வாசித்தாள். வாசித்துவிட்டு அந்த 'ஏ'யிலேயே போய் நின்றாள். புஸ்பராணியே.

அந்தக் கிழமை முழுவதும் அவள் நிலத்தில் நடக்கவில்லை. குணரத்தினம் சொன்னபடியே கந்தோரில் சொல்லிவிட்டார். கந்தோர் பட்டணத்துக்குச் சொல்லிவிட்டது. மரக்கறிக் கடையில் றஊப் நானா கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே, "ரீச்சர், ஒங்கட பேரில பாம்பு ஒண்டு வந்திருக்காமே?" என்றார். பள்ளிக்கூடத்தில் அதிபர் கூட்டத்தில் சொல்ல, பிள்ளைகள் கைதட்டினார்கள். சம்மதக் கடிதத்தை எழுதி உறையில் போட்டாயிற்று. சனிக்கிழமை ஒருதரம் சேற்றைப் பார்த்துவிட்டு வந்து திங்கட்கிழமை தபாலில் போடுவோம் என்று வைத்திருந்தாள்.

சனிக்கிழமை பஸ்ஸில் சனம் நெருக்கியது. கிண்ணியாத் துறையடிக்குப் போகிற பஸ். யன்னலால் உப்புக் காற்று வந்தது. புஸ்பராணி அரைக்கண் மூடியிருந்தாள். அந்த வழியில் ஓடுகிற கொண்டக்டர்மார் ஊர்ப்பெயரை முழுசாய்ச் சொல்லி வீணாக்க மாட்டார்கள்.

"சைனா! சைனா! சைனா இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ!"

"தம்பி, சைனாவில கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, கூடை இறக்கவேணும்," என்றாள் ஒரு கிழவி.

"இறங்கணை ஆச்சி, சீனாக்காரன் வந்து தூக்கித் தருவான்."

பஸ் சிரித்தது. புஸ்பராணியும் சிரித்தாள். எழும்பினாள். மிதிபலகையில் ஒரு கால், நிலத்தில் ஒரு கால் வைத்த நேரம் கொண்டக்டர் மணியடித்துக்கொண்டு, ஊர்ப்பெயரின் மிச்சத்தையும் இரங்கிச் சொன்னான்:

"சைனா பே... போகலாம் றைட்!"

பஸ் போய்விட்டது. அவள் தெருவோரத்தில் நின்றாள்.

சைனா, பி.

இத்தனை வருடமாய்க் கேட்ட குரல்தான். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. எதிரே ஸ்ரேசன் பலகையில் மூன்று மொழியில் பெயர் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் சைனா பே. சீனக்குடாவுக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர். ஒரு கப்பல் வைத்தியன். கப்பல் நிற்கிற இடம் இது. விரல்நக அளவு சீட்டு. 'பே' என்று முழுவதும் எழுத இடம் இருந்திராது. அதன் ஆங்கில முதலெழுத்து 'பி'யைப் போட்டுப் புள்ளி வைத்துவிட்டான். அவன் செத்த பிறகு சீட்டை எடுத்துப் பார்த்தவனுக்கு, இலங்கைத் தீவின் ஒரு மூலையில் சீனா என்று ஒரு பஸ் தரிப்பிடம் இருக்கும் என்று எந்தக் கனவில் தெரியும்?

அவளுடைய கால் தானாகவே கண்டல் பக்கம் நடந்தது.

"என்ன ரீச்சர், மொகம் சுண்ணாம்பு மாதிரி இருக்கு?" என்றாள் மைமூனா.

புஸ்பராணி சேற்றோரத்தில் கிடந்த பழைய தண்டவாளச் சிலிப்பர் கட்டையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கடிதம், பெயர், சீனா, கொண்டக்டர், எல்லாம். மைமூனா ஒரு மட்டியும் பொறுக்காமல் கேட்டாள்.

"அப்ப சீனாவுல புடிச்ச ஆம்புளச் சிலந்தி இங்க புடிச்சதா?"

"அப்பிடித்தான் நினைக்கிறன்."

"ஒங்கட பொம்புளச் சிலந்திட மாப்புளையா அவன்?"

"இருக்கலாம். அப்பிடியெண்டால் என்ர சிலந்தி புதுசில்லை. அறுவது வருசத்துக்கு முந்தியே பேர் வைச்சாச்சு. எனக்கு ஒண்டும் இல்லை."

"எப்புடித் தெரிஞ்சிக்கிற?"

"இங்கத்தை ஆண் சிலந்தியைப் பாக்கவேணும். முன்னங்காலில வெள்ளைக் குஞ்சம் இருந்தால் அவன்தான்."

"பாக்காட்டி?"

"பாக்காட்டித் தெரியாது."

"அப்ப பாக்காம ஊட்ட போங்க," என்றாள் மைமூனா.

புஸ்பராணி போகவில்லை. சும்மா இருந்தாள். ஆண்கள் பெண்களை விடச் சிறியவை, மாரி முடிந்து கொஞ்ச நாட்களுக்குத்தான் வெளியே வரும், வந்தாலும் வேர்களுக்குள்ளே மறைந்து திரியும். இவ்வளவு நாளும் ஓரிரண்டு குஞ்சு ஆண்களைத்தான் தூரத்தில் கண்டிருக்கிறாள். இப்போது மாசி மாதம். மாரி முடிந்து தண்ணீர் தெளிந்து கிடந்தது. வரவேண்டிய காலம் இதுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை உறையைத் தபாலில் போடவில்லை. குணரத்தினம் கேட்டார். முத்திரை இல்லை என்றாள். செவ்வாய்க்கிழமை அவரே முத்திரை வாங்கிக்கொண்டு வந்தார். பசை காயவில்லை என்றாள். பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறினாள். சேற்றோரத்தில் இருந்து, கண்ணை விரித்து வைத்துக்கொண்டு, காணக்கூடாது காணக்கூடாது என்று பார்த்தாள். வேரின் நிழல் ஒவ்வொன்றும் குஞ்சம் வைத்த காலாய்த் தெரிந்தது. நுரைத் துளி ஒவ்வொன்றுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பொழுதுபட்டதும் ஆறுதலோடு எழும்பிப் போவாள். வழியில் அந்த ஆறுதலை நினைத்து வெட்கப்படுவாள்.

"கள்ளனுக்குக் காவல் இருக்கிற ஆள் மாதிரி இருக்கிறீங்க ரீச்சர்," என்றாள் மைமூனா. "கள்ளன் வரப்படாது எண்டும் நேந்துகொண்டு."

வியாழக்கிழமை பின்னேரம் காற்று விழுந்துவிட்டது. வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் கோடே தெரியவில்லை. தூரத்து மலையும் கப்பலும் தொங்கிக்கொண்டிருந்தன. கண்டலிலிருந்து ஒரு பழுத்த இலை விழுந்தது. விழுந்த இலை மேலே போகிறதா கீழே வருகிறதா என்று புஸ்பராணிக்கு ஒரு கணம் மயங்கியது. முட்டைப்பை இல்லாத ஒரு பெண் சிலந்தி அவளுடைய பெருவிரலுக்கு நேரே சேற்றில் நின்றது. அசையவில்லை.

அதற்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில், யாரோ சின்னதாய்க் கைக்குட்டை ஆட்டினார்கள்.

அவன் வந்திருந்தான். மெலிந்தவன், கறுப்பன். வலது முன்னங்காலை உயர்த்தினான், இறக்கினான். இடதை உயர்த்தினான். நுனியில் வெள்ளைக் குஞ்சம், இலவம் பஞ்சு போல. உயர்த்திய காலை அந்தரத்திலேயே நடுங்கவிட்டான். பிறகு சேற்றைத் தட்டினான். அவ்வளவு மெல்லத் தட்டியும் தண்ணீர்ப் படலத்தில் வளையம் வளையமாய் விரிந்தது. வளையம் பெண்ணின் காலடியில் போய் முடிந்தது. அவள் அசையவில்லை. அவன் ஒரு எட்டு முன்னுக்கு வைத்து மறுபடியும் ஆட்டினான். இங்கே, இங்கே, இங்கே.

எவ்வளவு நேரம் போயிற்றோ! புஸ்பராணி அழுவது மைமூனாவுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"அவன்தானா?"

"அவன்தான்."

மைமூனா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் ஒண்டும் காணல்ல. நான் மட்டி பொறுக்கிட்டு இருந்த. மறுகா, இந்தச் சேத்துக்குள்ள போத்தல் கொண்டாறல்ல எண்டு ஒரு பேச்சும் இருக்குத்தானே. சும்மா போய்ச் சொன்னா அந்தத் துரை நம்புவாரா? நம்ப மாட்டார். ஆனபடியால எழும்பி வாங்க, தேத்தண்ணி குடிப்பம்."

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. புஸ்பராணியின் மனம் அதைப் பாய்ந்து பிடித்துக்கொண்டது. கொடுத்த வாக்கு. ஓம், வாக்கை மீறி ஒரு உயிரைப் பிடித்துப் போத்தலில் போடுவதா? காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் ஒரு பஸ் கொண்டக்டரின் கூப்பாட்டை எழுதி அனுப்பினால் விஞ்ஞானி சிரிக்கமாட்டாரா? எழும்பினாள். சேலையைத் தட்டினாள். ஆணுக்கு மேலே அவளுடைய நிழல் விழுந்தது. அவன் ஆட்டிய கையை ஒரு நொடி நிறுத்தினான்.

பெண் பாய்ந்தாள்.

"அல்லாஹ்வே! மாப்புளைய அடிச்சிட்டாளே!" மைமூனா திரும்பிய முகத்தோடுதான் எப்படிக் கண்டாளோ, கத்திவிட்டாள்.

பெண் தன் பாரத்தை இழுத்துக்கொண்டு வேருக்குள்ளே போய் மறைந்தாள். வளையங்கள் அடங்கின. சேற்றில் இரண்டு கால்கள் கிடந்தன. வெள்ளைக் குஞ்சம் வைத்த முன்னங்கால்கள் இரண்டும். ஒன்று இன்னும் லேசாய் மடங்கி விரிந்தது.

இருவரும் குந்தியிருந்து பார்த்தார்கள்.

"இது ஒங்கட கொலையுமில்ல, என்ட கொலையுமில்ல," என்றாள் மைமூனா கடைசியில்.

"அதுதான் மைமூனா கரைச்சல். இனி எடுக்காமல் விடச் சாட்டில்லை."

"காத்து வந்தாப் பறந்திரும்."

"ஓம்."

காற்று வரவில்லை. புஸ்பராணி பார்த்துக்கொண்டேயிருந்தாள். புஸ்பராணியே என்று கூப்பிடுகிற குரல் தூரத்து நாட்டுப் புத்தகங்களிலிருந்து, அவள் செத்த பிறகும், அண்ணனும் அண்ணியும் செத்த பிறகும், ஒரு ஓய்வுமில்லாமல் கூப்பிடும். இந்தச் சேற்றில் கையை வைக்காமல் எழும்பிப் போனால் போதும்.

மைமூனா முழங்காலைக் கட்டிக்கொண்டு தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள். "ஆனா ஒரு கத ரீச்சர். அவன் செத்தாலும் அவன மாதிரி ஒருத்தன்தானே இவளுக்குப் புருசன். இவ நாளைக்கு முட்ட இடுவா. புருசன ஒரு நாட்டுக்காரன் எண்டும் பொஞ்சாதிய ஒரு நாட்டுக்காரி எண்டும் எழுதி வெச்சா, அந்தப் புள்ளைகள எந்த ஊர் எண்டு எழுதுவாங்க?"

புஸ்பராணி எண்ணிப் பார்த்தாள். ஆண் பிள்ளைகள் சீனாவுக்கும், பெண் பிள்ளைகள் புஸ்பராணியிடமும். ஒரே பையிலிருந்து, ஒரே முதுகிலிருந்து இறங்கிய பிள்ளைகள். நினைக்க நினைக்க முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் பிரிப்பைத் தாங்க ஏலாமல் வந்தது.

"நெருப்புப்பெட்டி இருக்கோ உங்களிட்ட?" என்று கேட்டாள்.

மைமூனா வீட்டுக்குப் போய்க் கொண்டுவந்து தந்தாள். தீக்குச்சிகளை எல்லாம் தன் மடியில் கொட்டிவிட்டுப் பெட்டியைத்தான் தந்தாள். துரைக்கு அனுப்ப இரண்டு கால்களையும் புஸ்பராணி அதற்குள் எடுத்து வைத்தாள்.

"புதுசில்லையெண்டு நீயோ எழுதினனி?" என்று குணரத்தினம் கேட்டார். சம்மதம் எழுதிய பழைய உறை கிழிந்து குப்பையில் கிடந்தது. "உன்ர கையாலயோ?"

"ஓம் அண்ணை."

"ஆரும் உன்னைக் கேட்டவையோ?"

"இல்லை."

"நான் கந்தோர் முழுக்கச் சொல்லிப்போட்டன்டி!"

"தெரியும் அண்ணை."

அதன்பிறகு அவர் கொஞ்ச நாள் அவளோடு கதைக்கவில்லை. கந்தோரில் கேட்டவர்களுக்கு 'அது நடந்துகொண்டிருக்கு' என்றாராம். அதிபர் ஒன்றும் கேட்கவில்லை. றஊப் நானா மட்டும், "பாம்பு என்னாச்சு ரீச்சர்?" என்றார். "தவறிப்போச்சு நானா," என்றாள். "இன்னாலில்லாஹ்," என்று அவர் இரண்டு கத்தரிக்காய் கூடப் போட்டார்.

லிண்டின் மறுமொழி சித்திரை பிறந்த பிறகு வந்தது. அன்றிரவு சாப்பாட்டின்போது குணரத்தினம் சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பாராமல் கேட்டார்:

"சரி, இப்ப அதுக்கு என்னதான் பேர்?"

"பழைய பேர்தான். சீனத்தது எண்டு."

"சீனாவில இல்லாத ஒண்டுக்கோ?"

"ஓம். பிழையெண்டு தெரிஞ்சாலும் முதல் வைச்ச பேரை மாத்த ஏலாது. அது சட்டம். இருக்கிற இடத்தை மட்டும் திருத்தலாம். திருத்தியாச்சு."

"இதென்ன பைத்தியக்காரச் சட்டம்! பொருந்தாத பேரை ஆயுளுக்கும் சுமக்கிறதோ?"

"உங்களுக்குக் குணரத்தினம் எண்டு வைச்சிருக்கினம், நாங்கள் ஒண்டும் சொல்லேல்லையே," என்றாள் அண்ணி குழம்புச் சட்டியோடு வந்து.

அவர் முறைத்தார். பிறகு அவருடைய தோள் குலுங்கியது. புரையேறித் தண்ணீர் குடித்தார். அந்தத் தண்ணீரை வைத்துவிட்டு, "உனக்குக் கவலையாய்க் கிடக்கோ?" என்று கேட்டார். ராணி என்றுகூடக் கூப்பிடவில்லை.

"கிடக்கு," என்றாள் புஸ்பராணி.

"அப்ப சரி. கவலை இல்லையெண்டு சொன்னால்தான் நான் பயப்பட்டிருப்பன். இன்னும் கொஞ்சம் சோறு போடு அவளுக்கு."

அடுத்த சனிக்கிழமை அவள் சீனக்குடாவில் இறங்கியபோது சேறு முழுவதும் தாய்மாராய் இருந்தது. முட்டைப்பைகள் வெடித்திருந்தன. ஒவ்வொரு முதுகிலும் பொடிப்பொடியாய்க் குஞ்சுகள், எள்ளுருண்டை போல. சூடு தணிந்த பின்னேர வெயில். தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தொடங்கியிருந்தது.

"புத்தகத்தில என்ன எழுதினாங்க?" என்றாள் மைமூனா.

"இனம் அதேதான். பரம்பல், இலங்கை, திருகோணமலை, சீனக்குடா மட்டும். வாழிடம், கண்டலுக்கும் தண்ணிக்கும் இடையில சேறு."

"அப்ப சீனாவுல இப்ப?"

"ஒண்டும் இல்லை. அங்கயிருந்து எடுத்துப்போட்டினம்."

மைமூனா சூள்கொட்டினாள். "பாவம். ஒரு சீவன் கொறஞ்சிபோச்சே அவங்களுக்கு."

இருவரும் கட்டையில் இருந்தார்கள். முன்னால் ஒரு தாய் வேரில் ஏறினாள். ஏறும்போது முதுகிலிருந்து ஒரு குஞ்சு வழுக்கி விழுந்தது. தாய் திரும்பிப் பார்க்கவில்லை. குஞ்சு ஈரத்தில் சுற்றிச் சுற்றி ஓடியது. அந்த வழியால் இன்னொரு பெண் சிலந்தி வந்தாள். குஞ்சு அவளுடைய காலைத் தொட்டது, தொட்ட காலிலேயே ஏறியது, ஏறி முதுகுக் கும்பலுக்குள் போய்ச் செருகிக்கொண்டது. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு நடந்தாள்.

"அது அவட புள்ள இல்லயே ரீச்சர்!"

"இல்லை."

"அவவுக்குத் தெரியாதா?"

"தெரியுமோ தெரியாதோ," என்றாள் புஸ்பராணி. "ஆரின்ர பிள்ளையெண்டு அவ கேக்கிறேல்லை."